யார் கையும் படாமல்

ஜனவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை, போன மாதம் பிடித்த இருமலும் விட்டுவிட்டது. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? உன் வீட்டுக்காரி தலைசுற்றல் என்றாளே, டாக்டரைப் பார்த்தாளா?

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நாம் பேசும் அழகு உனக்கே தெரியும். "சாப்பிட்டியா", "ம்", "அங்க மழையா", "இல்ல", "சரி, வைக்கட்டா." உன் அத்தான் போன பிறகு அதைத்தான் திருப்பித் திருப்பிப் பேசிக்கொண்டிருக்கிறோம். அதற்கு மேல் ஒரு வார்த்தை போனால் இரண்டு பேரில் ஒருவர் போனை வைத்துவிடுகிறோம். எழுதினால் அந்தத் தொல்லை இல்லை. நீயும் எழுது.

நீ சொன்னதை யோசித்தேன். உன் வீட்டில் ஓர் அறை சும்மா கிடக்கிறது, இந்த வீட்டைக் காலி செய்துவிட்டு அங்கே வந்துவிடு என்கிறாய். "ஒண்டியா நாலு சுவத்துக்குள்ள என்னக்கா பண்ணப் போற?" என்றாய். நியாயமான கேள்விதான்.

அவர் போன அன்று யாரோ ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்கார வைத்தார்கள். அதன் பிறகு யாரும் என்னை எழுந்திருக்க விடவில்லை. கண்ணாடிக் கடையில் நான் லென்ஸ் தேய்க்கும் மிஷின் பக்கத்தில் முதலாளி ஒரு ஸ்டூல் போட்டுவிட்டார். பக்கத்து வீட்டுக்காரி என் கையிலிருந்து குப்பைக் கூடையைப் பிடுங்கிக்கொண்டு போகிறாள். பஸ்ஸில் எழுந்து இடம் கொடுக்கிறார்கள். எனக்கு ஐம்பத்தொரு வயது. முகத்தில் ஏதாவது எழுதி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன்.

போன வாரம் கடைக்கு ஒருவர் நீச்சல் கண்ணாடியோடு வந்தார். அதில் தன் பவருக்கு லென்ஸ் பொருத்தித் தர வேண்டுமாம். பருத்த உடம்பு, வழுக்கை, பேங்க் உத்தியோகம். விளிம்பைத் தேய்த்துக்கொண்டே எதற்கு என்று கேட்டேன்.

"டிரையத்லான்மா. மொதல்ல நீச்சல். கரையேறுன உடனே சைக்கிள். எறங்குன உடனே ஓட்டம். நடுவுல உக்காரக் கூடாது."

நீங்களா என்று நான் கேட்கவில்லை. என் முகம் கேட்டுவிட்டது போலிருக்கிறது.

"நானேதான். போன வருஷம் கடைசி ஆளா வந்தேன். எனக்குப் பின்னாடி ஆம்புலன்ஸ் மட்டும்தான்."

நடுவில் உட்காரக் கூடாது என்றது எனக்குப் பிடித்திருந்தது. ஊருக்கு வெளியே இருக்கும் ஏரியில் ஆகஸ்ட் கடைசியில் நடக்கிறது. முக்கால் கிலோமீட்டர் நீச்சல், இருபது சைக்கிள், ஐந்து ஓட்டம். பெயர் கொடுத்துவிட்டேன். நீச்சல் தெரியாது, கற்றுக்கொள்ளலாம்.

சிரித்து முடித்ததும் பதில் போடு.

அன்புடன்,
அக்கா

பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே இருவரும் சௌக்கியம். முதுகுவலி வேலை நாளில் மறந்துபோகிறது, லீவு நாளில் ஞாபகம் வருகிறது. உன் இருமல் போனதில் நிம்மதி.

சிரித்து முடித்துவிட்டேன். இவளுக்கும் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். இவள் சிரிக்கவில்லை. "அவங்களாச்சும் எதையாவது பண்றாங்க" என்றாள். யாரைக் குத்தினாள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

கோபித்துக்கொள்ளாதே. மழைத் தண்ணீர் தேங்கினால் தெருவைச் சுற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவள் நீ. உனக்கு ஏரி எதற்கு? சாயங்காலம் நாலு தெரு நடந்தால் போதாதா?

அறை தயாராகிக்கொண்டிருக்கிறது. கிழக்குப் பார்த்த சன்னல். இவள் திரைத்துணிக்கு அளவெடுத்துவிட்டாள். மூன்றாவது மாடிதான், ஆனால் லிஃப்ட் இருக்கிறது. அதைப் பராமரிக்கிறவன் நானே என்பதால் நிற்காது.

போன வாரம் ஓர் ஆபீஸ் கட்டடத்தில் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுவிட்டது. உள்ளே ஒரே ஒரு பெண்மணி. நான் மேலே மோட்டார் அறைக்குப் போய்க் கையால் சக்கரத்தைச் சுற்றி, லிஃப்டைத் தளத்துக்குக் கொண்டுவந்து கதவைத் திறந்தேன். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். "இருட்டு ஒண்ணும் பெருசில்லப்பா. யாராவது ஒரு கொரல் குடுத்திருந்தா போதும்" என்றார். வீட்டுக்கு வரும்வரை உன் நினைப்பாகவே இருந்தது.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் எழுது.

உன் தம்பி

பிப்ரவரி 26

அன்புள்ள தம்பிக்கு,

நலமாக இருக்கிறேன், காதுக்குள் தண்ணீர் போய் அடைத்துக்கொண்டதைத் தவிர. ஒற்றைக் காலில் குதித்தால் போகும் என்றார்கள். குதித்தேன். கீழ் வீட்டுக்காரர் மேலே வந்துவிட்டார்.

நீச்சல் குளத்தில் என் வகுப்பில் மற்ற எல்லாருக்கும் இன்னும் பால் பல்லே விழவில்லை. சொல்லிக்கொடுக்கிறவள் முன்பு போட்டிகளில் நீந்தியவள், முப்பது வயதிருக்கும். கழுத்தில் எப்போதும் விசில் தொங்குவதால் அவள் பெயரே விசில்தான். நான் கையைக் காலை உதறுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆன்ட்டி, தண்ணிய ஏன் போட்டு இந்த அடி அடிக்கிறீங்க? அது உங்கள என்ன பண்ணுச்சு?"

"முழுங்கப் பாக்குதே!"

"நீங்கதான் அத முழுங்குறீங்க. குளமே பாதி காலி."

ஆனால் நேற்று மிதந்தேன், தம்பி. மல்லாந்து, ஒன்றையும் பிடிக்காமல். உன் அத்தான் படுக்கையில் கிடந்த வருடங்களில் அவரைப் புரட்டிப் படுக்க வைக்கும்போது, ஒரு மனிதனின் உடம்பு இவ்வளவு கனமா என்று நினைத்திருக்கிறேன். என் உடம்பு கனமே இல்லாமல் கிடந்தது. காதுக்குள் தண்ணீர் இருந்ததால் நான் அழுதது எனக்கே கேட்கவில்லை.

எனக்கும் ஒரு நீச்சல் கண்ணாடி தேய்த்துக்கொண்டேன். கண்ணாடி இல்லாவிட்டால் என் கையை நீட்டினால் விரல்கள் எனக்குத் தெரியாதே, அது உனக்குத் தெரியும்.

இப்போது உன் அறை விஷயம். நீயும் விடப்போவதில்லை, எனக்கும் ஒவ்வொரு கடிதத்திலும் மறுக்கத் தெம்பில்லை. ஒரு பந்தயம் வைத்துக்கொள்வோம். யார் கையும் படாமல் நான் இந்தப் போட்டியை முடித்துவிட்டால், இங்கேயேதான் இருப்பேன். நீ அறைப் பேச்சையே எடுக்கக் கூடாது. முடிக்காவிட்டால் மறுபேச்சுப் பேசாமல் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன். சம்மதமா?

வீட்டுக்காரியிடம் நான் விசாரித்ததாகச் சொல்.

அக்கா

ஏப்ரல் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். உன் காது சரியாகிவிட்டதா?

சம்மதம். ஆனால் தோற்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வரக் கூடாது. சிரித்துக்கொண்டே வர வேண்டும். அதையும் பந்தயத்தில் சேர்த்துக்கொள்.

சைக்கிள் வாங்கியாயிற்றா? பழையது வாங்கினால் முதலில் பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார். பக்கவாட்டில் ஆடினால் வேண்டாம். செயினுக்குச் சமையல் எண்ணெய் விடாதே. நீ விடுவாய் என்று தெரிந்துதான் சொல்கிறேன். சீட் உயரம்: மிதி கீழே இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அறைக்கு நானே வண்ணம் அடித்தேன். வெளிர்நீலம். மேல் மூலையில் கொஞ்சம் திட்டாகிவிட்டது, கட்டில் போட்டால் அது கண்ணில் படாது. திரைத்துணி இன்னும் தைக்கவில்லை. இவள் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள், கொஞ்ச நாளைக்கு.

ஓட ஆரம்பித்துவிட்டாயா? முழங்காலைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி

மே 9

அன்புள்ள தம்பிக்கு,

உடம்பில் வலிக்காத இடம் காது மடல் மட்டும்தான், மற்றபடி சௌக்கியம். உன் வீட்டுக்காரி திரும்பி வந்துவிட்டாளா? அவள் அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா? நீ எழுதவே இல்லை.

சைக்கிள் வாங்கிவிட்டேன். பேப்பர் போடுகிறவர் விற்றது. நீ சொன்னபடி பின்சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தேன். "என்னம்மா, ஜாதகம் பாக்குறீங்களா?" என்றார். காலையில் கடை திறப்பதற்கு முன் போய் வருகிறேன். சரக்கு லாரிகள் தாண்டும்போது கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றுகிறது. மூடுவதில்லை.

மூன்று போட்டி என்று நினைத்தேன். நான்காவது ஒன்று உண்டு, அதை யாரும் சொல்வதில்லை: உடுப்பு மாற்றுவது. தண்ணீரிலிருந்து வந்ததும் நீச்சல் கண்ணாடியைக் கழற்றி, மூக்குக் கண்ணாடி போட்டு, தலைக்கவசம் மாட்டி, ஈரக் காலில் காலுறை இழுத்து, ஷூ கட்ட வேண்டும். அந்த நேரமும் கணக்கில் சேரும். வீட்டுக் கூடத்தில் ஒரு துண்டை விரித்து எல்லாவற்றையும் வரிசையாக வைத்து, குளியலறையிலிருந்து சொட்டச் சொட்ட ஓடி வந்து பழகுகிறேன். தபால்காரர் ஒருநாள் அப்படிப் பார்த்துவிட்டார். கையெழுத்து வாங்காமலேயே போய்விட்டார்.

போன ஞாயிறு முதல் முறையாக ஏரியில் இறங்கினேன். குளம் வேறு, ஏரி வேறு. கீழே ஒன்றும் தெரிவதில்லை. பச்சை, அதற்குக் கீழே கறுப்பு. நடுவில் மூச்சு நின்றுவிட்டது போலிருந்தது. விசில் படகில் பக்கத்திலேயே வந்தாள். "படகப் புடிச்சுக்கங்க ஆன்ட்டி, அதுக்கு ரூல் இருக்கு, தப்பில்ல" என்றாள். நான் பிடிக்கவில்லை. பந்தயத்தில் படகு உண்டா இல்லையா என்று நாம் பேசவில்லையே.

கரையில் உட்கார்ந்திருந்தபோது ஒன்று தோன்றியது. உன் அத்தானுக்கு ஆஸ்பத்திரியில் கடைசி வாரம். எல்லாரும் மாற்றி மாற்றி வந்து என் தோளைப் பிடித்தார்கள். ஒருவர்கூட அவரைப் பிடிக்கவில்லை, அவர் தொட்டால் வலிக்கும் நிலையில் இருந்தார். அவர் எல்லாவற்றையும் தனியாகத்தான் தாண்டினார். நானும் ஒன்றையாவது அப்படித் தாண்ட வேண்டும். இதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது. சொன்னால் நாற்காலி போடுவார்கள்.

உன் வீட்டுக்காரியைப் பற்றி எழுது.

அக்கா

ஜூலை 1

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் போட ரொம்பத் தாமதம். வேலை. ஒரு புது ஆஸ்பத்திரிக் கட்டடம், ஆறு லிஃப்ட். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. கொஞ்சம் இளைத்திருக்கிறேன் என்கிறார்கள்.

மே மாதக் கடிதத்தைப் பல தடவை படித்தேன். அத்தானைப் பற்றி நீ எழுதிய இடத்தைத்தான்.

நான் போட்டிக்கு வருகிறேன். லீவு சொல்லிவிட்டேன். கரையில் நின்று பார்ப்பதில் தப்பில்லை அல்லவா? கத்த மாட்டேன்.

அந்த அறையில் சாயங்கால வெயில் வராது. கோடையில் குளுமையாக இருக்கும். சும்மா சொன்னேன்.

உன் தம்பி

செப்டம்பர் 3

அன்புள்ள தம்பிக்கு,

நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்தாயா? வழியில் ஏதாவது சாப்பிட்டாயா? நான் இன்னும் படியில் பின்பக்கமாகத்தான் இறங்குகிறேன். முழங்கால் சிராய்ப்பு காய்ந்துவிட்டது.

நீ கரையில்தான் நின்றாய். உனக்குத் தெரிந்தது வெள்ளைத் தொப்பிகள் மட்டும்தான். உள்ளே நடந்ததைச் சொல்கிறேன்.

நடுவர் விசில் ஊதியதும் எல்லாரும் ஒரே நேரத்தில் பாய்ந்தார்கள். யாருடைய குதிகாலோ என் தாடையில் பட்டது. பேங்க்காரருடையதாக இருக்கலாம். சிவப்பு மிதவையைப் பார்த்து நீந்த வேண்டும். நான் பார்த்தது ஒருவரின் சிவப்புத் தொப்பியை. அவர் பாதுகாப்புப் படகுக்காரர். அவர் பின்னாலேயே போய், "அம்மா, அந்தப் பக்கம்மா" என்று அவர் கைகாட்டிய பிறகுதான் திரும்பினேன். அங்கே திரும்பியபோதே நேரமெல்லாம் போய்விட்டது என்று தெரிந்துவிட்டது. பயமும் அங்கேயே போய்விட்டது. இனிமேல் பிந்த முடியாது என்றானபின் நிதானமாக நீந்தலாம்.

சைக்கிளில் பேங்க்காரரைப் பிடித்தேன். "ஆம்புலன்ஸ உங்களுக்கே விட்டுக் குடுக்கலாம்னு பாத்தேன், மாட்டீங்க போல" என்றார். திரும்பி வரும்போது முழுக்க எதிர்காற்று. அங்கே ஒருவரும் இல்லை. சாலை, நான், காற்று. தம்பி, அந்த அரைமணி நேரம்தான் எனக்குக் கிடைத்த பரிசு என்று சொன்னால் புரிந்துகொள்வாயா தெரியவில்லை. யாரும் என்னைப் பாவம் என்று பார்க்காத அரைமணி நேரம்.

ஓட்டத்தில் கால் இல்லை. கடைசி வளைவு நினைவிருக்கிறதல்லவா, வேலி போட்டுக் கூட்டம் நின்ற இடம். அங்கே வேர்வையில் கண்ணாடி நழுவி விழுந்தது. குனிந்தேன். தரை மேலே வந்தது. காது இரண்டும் அடைத்துக்கொண்டது. எவ்வளவு நேரம் கிடந்தேன் என்று தெரியாது. பிறகு கையில் வேலிக் கம்பி ஒன்று அகப்பட்டது. அதைப் பிடித்து எழுந்தேன். எழுந்தவள் கோட்டைத் தாண்டும்வரை நிற்கவில்லை. எதுவும் தெரியவில்லை, நிறங்கள்தான். கழுத்தில் யாரோ எதையோ மாட்டினார்கள்.

முதலுதவிக் கூடாரத்தில் கண் தெளிந்ததும் நான் உன்னிடம் கேட்ட முதல் கேள்வி உனக்கு நினைவிருக்கும்.

"யாராச்சும் தூக்குனாங்களாடா?"

"இல்லக்கா. நீயேதான் எந்திரிச்ச."

"நெசமா?"

"நெசமா."

அதைக் கேட்டபோது இருந்த சந்தோஷம் எனக்குக் கல்யாணத்தன்றுகூட இல்லை.

சரி. ரயில்வே ஸ்டேஷனில் நடந்ததைப் பற்றி எழுதாமல் முடிக்கக் கூடாது. உன் சட்டையில் இரண்டு பொத்தான் இரண்டு நிறம். அதைப் பார்த்துத்தான் கேட்டேன், "அவ எப்படா வருவா?" என்று. "வர மாட்டாக்கா. ஏப்ரல்லயே போயிட்டா" என்றாய். ஏதோ லிஃப்ட் பழுதைச் சொல்கிற மாதிரி சொன்னாய். ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்றதற்கு, "பாவம் பாத்து வந்துருவ. அப்படி வர வேணாம்" என்றாய். வண்டி வந்துவிட்டது.

அப்போது நான் வருகிறேன் என்று சொல்லவில்லை. வாய்வரை வந்தது, தம்பி. கழுத்தில் பதக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. ஜெயித்த நாளில் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உன்னிடம் மறைக்காமல் எழுதுகிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

செப்டம்பர் 12

டிரையத்லான் போட்டி அமைப்புக் குழுச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் குழுவினரும் நலமென நம்புகிறேன்.

ஆகஸ்ட் மாதப் போட்டியில் பெண்கள் பிரிவில் கடைசியாக வந்தவருடைய தம்பி நான். கடைசி வளைவில் அவர் விழுந்தபோது வேலியைத் தாண்டிப் போய் அவரைத் தூக்கி நிறுத்தியவன் நான்தான். தங்கள் நடுவர் ஒருவர் அங்கேயே என்னிடம் வந்து, வெளியாள் தொட்டுத் தூக்கினால் போட்டியாளர் நீக்கப்படுவார் என்று விளக்கினார். மரியாதையாகத்தான் சொன்னார். அவர்மேல் எனக்குக் குறையில்லை.

நான் லிஃப்ட் மெக்கானிக். மாட்டிக்கொண்ட ஆட்களை வெளியே எடுப்பது என் தொழில். யோசித்துச் செய்யவில்லை. என் கையை நீட்டினேன், அவர் பிடித்துக்கொண்டார். கண்ணாடி இல்லாமல் அவருக்குப் பார்வை கிடையாது. வேலிக் கம்பி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நானும் திருத்தவில்லை.

தவறு என்னுடையது, அவருடையது அல்ல. அவரை முடித்தவராகக் கணக்கில் எடுத்துக்கொள்ள வழியுண்டா என்று கேட்கிறேன். வழியில்லையென்றால், அவருக்கு அதைப் பற்றி எதுவும் எழுதி அனுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எனக்கும் அவருக்கும் நடுவே இந்தப் போட்டியை வைத்து ஒரு பந்தயம் இருக்கிறது. அவர் முடிக்கவில்லை என்று தெரிந்தால் லாபம் எனக்குத்தான். அதனால்தான் தெரிய வேண்டாம் என்கிறேன்.

தொந்தரவுக்கு மன்னிக்கவும்.

இப்படிக்கு,
அவருடைய தம்பி

செப்டம்பர் 27

மதிப்புக்குரிய அம்மையாருக்கு,

வணக்கம். காயம் ஆறித் தாங்கள் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறோம்.

முடிவுப் பட்டியலில் தங்கள் பெயர் இல்லை என்றும், தங்கள் பயிற்சியாளர் தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை என்றும், விடுபட்டிருந்தால் சேர்க்குமாறும் எழுதியிருந்தீர்கள்.

பெயர் விடுபடவில்லை. கடைசி வளைவில் பார்வையாளர் ஒருவர் தங்களைக் கைகொடுத்துத் தூக்கியதை நடுவர் பதிவு செய்துள்ளார். வெளியாள் உதவி விதிப்படி தாங்கள் நீக்கப்பட்டீர்கள். இதை மாற்ற எங்களுக்கு அதிகாரம் இல்லை.

தூக்கியவர் தங்கள் தம்பி. அவர் தாமாகவே எங்களுக்கு எழுதி, தவறு தம்முடையது என்று ஒப்புக்கொண்டு, தங்களுக்கு இது தெரிய வேண்டாம் என்றும் கேட்டிருந்தார். அவருக்காகவே நாங்கள் தங்களுக்கு எதுவும் அனுப்பாமல் இருந்தோம். தாங்களே கேட்டுவிட்ட பிறகு மறைப்பது முறையாகாது.

பதக்கத்தைத் திருப்பித் தர வேண்டிய கட்டாயம் இல்லை. குழுவில் அனைவரும் தங்கள் நீச்சலைப் பற்றி இன்றும் பேசுகிறோம்.

இப்படிக்கு,
செயலாளர்

அக்டோபர் 6

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். கால் வலி போயே போய்விட்டது. நீ எப்படி இருக்கிறாய்? என்ன சமைக்கிறாய்?

நான் அங்கே வரலாம் என்று இருக்கிறேன். விருந்துக்கு அல்ல, இருக்க. கொஞ்ச நாளாக யோசித்து எடுத்த முடிவு. முதலாளியிடம் சொல்லிவிட்டேன். உங்கள் ஊரிலும் கண் தெரியாதவர்கள் இருப்பார்கள், வேலை கிடைக்கும் என்றார். அந்த ஸ்டூலை எடுத்துக்கொண்டு போங்கள் என்று வேறு சொன்னார். வேண்டாம் என்றேன்.

விசிலிடமும் போய்ச் சொன்னேன். "என்ன ஆன்ட்டி, அடுத்த வருஷம் எனக்கு யாரு தண்ணி குடிச்சுக் காட்டுவா?" என்றாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு வகுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

வீட்டைக் காலி செய்வது பெரிய வேலையில்லை. உன் அத்தானின் துணிகளை முன்பே கொடுத்துவிட்டேன். அவர் கட்டில் இருந்த இடத்தில் தரையில் நான்கு வட்டத் தடங்கள். சோப்புப் போட்டுத் தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை. வீட்டுச் சொந்தக்காரரிடம் சொன்னேன். "இருக்கட்டும்மா, விடுங்க" என்றார். நான் இன்னொரு தடவை தேய்த்தேன்.

பதக்கத்தைச் சட்டம் போட்டு மாட்டலாம் என்று கூடாரத்தில் சொன்னாயே, அது என்னோடு வராது. கொடுக்க வேண்டியவர்களிடம் கொடுத்துவிட்டேன். அதைப் பற்றிக் கேட்காதே.

அக்கா

அக்டோபர் 19

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. சோறு குழையாமல் வடிக்கக் கற்றுக்கொண்டுவிட்டேன். ரசம் மட்டும் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி வருகிறது.

உன் கடிதம் எனக்குப் பிடிக்கவில்லை. ஜெயித்தது நீ. யார் கையும் படாமல் முடித்தால் அங்கேயே இருப்பேன் என்று சொன்னதும் நீதான். இப்போது பேச்சு மாறுவது நன்றாக இல்லை. யாராவது உன்னிடம் ஏதாவது சொன்னார்களா?

ஸ்டேஷனில் நான் சொன்னதை மனத்தில் வைத்துக்கொண்டு வருவதாக இருந்தால் வராதே. அதற்காகத்தான் அவ்வளவு நாள் சொல்லாமல் இருந்தேன். எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருகிறேன். டிவி இருக்கிறது.

நீ எதிர்காற்றில் சைக்கிள் ஓட்டியதைப் பற்றி எழுதியிருந்தாயே, அந்தப் பக்கத்தை மட்டும் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். அதை விட்டுவிட்டு வராதே, அக்கா.

எந்த வண்டி என்று எழுது. சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

உன் தம்பி

நவம்பர் 1

அன்புள்ள தம்பிக்கு,

நான் சுகமே. கால் பெருவிரல் நகம் ஒன்று கறுத்து விழுந்துவிட்டது. ஓடுகிறவர்களுக்கு அப்படித்தானாம்.

யாரும் எதுவும் சொல்லவில்லை. யார் என்ன சொல்லப் போகிறார்கள்? நீதான் பக்கத்தில் நின்று பார்த்தாயே. ஜெயித்தவள் எங்கே இருக்க வேண்டும் என்பதை ஜெயித்தவள் முடிவு செய்துகொள்வாள். பாவம் பார்த்து வருகிறேன் என்று நினைக்காதே. தோற்றாலும் சிரித்துக்கொண்டு வர வேண்டும் என்று நீ போட்ட நிபந்தனை எனக்குப் பொருந்தாது. அதனால் முகத்தை எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொண்டு வருவேன், கேட்கக் கூடாது.

திரைத்துணியை அப்படியே வை, தைக்கக் கொடுக்காதே. அவள் அளந்தது அவளுடையது. அவள் ஒருநாள் வந்து கேட்டால் கொடுக்கலாம்.

நேற்று ஏரிக்குப் போனேன். மழையில் தண்ணீர் ஏறிவிட்டது, இனி மார்ச் வரை யாரையும் இறக்க மாட்டார்கள். கரையில் கொஞ்ச நேரம் நின்றேன். வேலி, மிதவை எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். அந்த வளைவு எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

சனிக்கிழமை காலை வண்டி, ஞாயிறு மத்தியானம் அங்கே. பெட்டி இரண்டு. சைக்கிள் பார்சலில் தனியாக வரும். உங்கள் ஊர் பிளாட்பாரம் தாழ்வு, வண்டிப் படி உயரம். கீழே நின்றுகொள். இறங்கும்போது கை கொடு.

அக்கா